நவம்பரில் பஃபின் காட்டுகிறேன் என்றவரிடம் பணம் கொடுத்தேன்

போன வாரம் எங்கள் பகுதித் தமிழர் வாட்சாப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. ஐஸ்லாந்து குடும்பச் சுற்றுலா, பிப்ரவரி ஹாஃப் டேர்ம் விடுமுறையில், வடதுருவ ஒளியும் பஃபின் பறவையும் ஒரே பயணத்தில், சைவச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்தது. கீழே இருந்த போன் நம்பரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்களை ஏமாற்றிய அதே ஆள். இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே "விவரம் அனுப்புங்க அண்ணா" என்று கேட்டிருந்தார்கள். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததை அன்றைக்கே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். விவகாரம் நீதிமன்றம் போகிற நிலையில் இருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

நாங்கள் லண்டனில் இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன். மதுரையிலிருந்து அம்மா ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்திருந்தார். எரிமலையும் பனிப்பாறையும் ஒரே இடத்தில் இருக்கிறதாமே என்று முதலில் கேட்டவரே அம்மாதான். நண்பர் ஒருவர் சொல்லி இந்த ஏஜெண்டிடம் போனேன். நம்ம ஊர்ப் பேச்சு, கனிவான குரல், வீட்டுக்கே வந்து காபி குடித்தபடி பிளான் போட்டார். ஐந்து பேருக்கு விமானம், ஓட்டல், கார், சுற்றுலா டிக்கெட் எல்லாம் சேர்த்து 4,800 பவுண்டு. கார்டில் கட்டினால் மூன்று சதவீதம் கூடும், பேங்க் டிரான்ஸ்ஃபரே போதும் என்றார். 144 பவுண்டு மிச்சம் என்று நானும் சந்தோஷமாக அனுப்பினேன். பிரிட்டனில் தனிநபர் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பது 2018 ஜனவரி முதலே சட்டப்படி தடை. இது அப்போது தெரியாது. கிரெடிட் கார்டில் முன்பணம் மட்டும் கட்டியிருந்தால்கூட, 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள எதற்கும் விற்றவரோடு சேர்த்து கார்டு நிறுவனமும் பொறுப்பு. மூன்று சதவீதத்தைக் காட்டி அந்தக் கதவை முதலிலேயே சாத்திவிட்டார் மனிதர்.

முதல் அடி விழுந்தது அம்மாவுக்கு. "அம்மாவுக்குத் தனியா விசா எடுக்கணுமா?" என்று நான் தெளிவாகவே கேட்டிருந்தேன். "ஐஸ்லாந்து ஐரோப்பிய யூனியன்ல இல்ல தம்பி, யூகே விசா போதும்" என்றார். முதல் பாதி உண்மை. ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொது விசா உள்ள செங்கன் பகுதியில் 2001 முதல் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு செங்கன் விசா இல்லாமல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். கிளம்ப 12 நாள் இருக்கும்போது, விமான நிறுவனத்தின் தளத்தில் பாஸ்போர்ட் விவரம் நிரப்புகிற நேரத்தில்தான் இது எனக்கு உறைத்தது. அதற்குமேல் ஓடிப் பார்த்தும் பயனில்லை. இங்கே விசிட்டராக வந்திருப்பவர் பொதுவாகத் தன் ஊரிலிருந்துதான் செங்கனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏஜெண்டுக்கு போன் செய்தால், "அப்போ அம்மாவை விட்டுட்டுப் போங்க தம்பி, டிக்கெட் ரீஃபண்ட் வராது" என்றார், ஏதோ குடையை மறந்துவிட்டதுபோல. மங்கி கேப் வாங்கி, கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அம்மா, "பரவால்லப்பா, எனக்குக் குளிர் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுப் புளியோதரை கிளற ஆரம்பித்தார். அக்கா வீட்டில் அவரை விட்டுவிட்டு நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். 2024 நவம்பர் 16, சனிக்கிழமை.

கெஃப்லாவிக் விமான நிலையத்தில் இரண்டாவது அடி. ஃபோர் வீல் டிரைவ் என்று சொல்லியிருந்தார். கிடைத்தது சின்ன ஹாட்ச்பேக். ஆணி வைத்த குளிர்கால டயர் போட்டிருந்ததுதான் ஒரே ஆறுதல். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கில்லையா?" என்று கவுண்ட்டரில் கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். அடிப்படைக் காப்பீடு மட்டும்தான் இருக்கிறது, சேதம் ஏற்பட்டால் முதல் மூன்றரை லட்சம் ஐஸ்லாந்து குரோனா என் பொறுப்பு. சரளைக்கல் கண்ணாடியில் தெறிப்பதற்குத் தனி, மணலும் எரிமலைச் சாம்பலும் பெயின்ட்டைச் சுரண்டுவதற்குத் தனி. அந்த இரண்டையும் அங்கேயே காசு கட்டிச் சேர்த்தேன். "காற்றில் கதவு பிய்ந்தால் எதிலும் வராது" என்று கடைசியாக ஒன்று சொன்னார். கதவு எப்படிப் பிய்யும் என்று மனதுக்குள் சிரித்தேன். கார் டேஷ்போர்டிலும் அதே எச்சரிக்கை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது.

முதல் நாள் ரெய்க்யாவிக். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. பன்றிப் படம் போட்ட மஞ்சள் பலகை சூப்பர் மார்க்கெட்டில் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தோம். (தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். குழாயில் வரும் குளிர்ந்த நீர் அமிர்தம். வெந்நீர்தான் அழுகிய முட்டை வாசம் அடிக்கும். பூமிக்கடியிலிருந்து வருவது, பயப்பட ஒன்றுமில்லை.) மகள் பயணத் திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். ஐந்தே நிமிடத்தில், "அப்பா, நாலரைக்கே இருட்டிடுச்சே, பத்தரை மணிக்கு எப்படி சன்செட் வரும்?" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் நாள், "இரவு 10.30, ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்." ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது மூன்று மாதமாக எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வரியாகப் பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. பஃபின் பார்க்கும் படகு என்று போட்டிருந்தது. அந்தப் பறவை ஏப்ரல் வாக்கில் கரைக்கு வந்து முட்டையிட்டு, ஆகஸ்ட் முடியும்போதே பெரும்பாலும் கடலுக்குப் போய்விடும். லாண்ட்மன்னாலாய்கர் மலைகள் என்று இருந்தது. அங்கே போகிற எஃப் ரோடுகள் என்ற கரடுமுரடான மலைச் சாலைகள் ஜூன் கடைசியில்தான் திறக்கும், செப்டம்பர் போனால் மூடல், திறந்திருந்தாலும் எங்கள் ஹாட்ச்பேக் அதில் ஏறுவதே குற்றம். யாரோ ஜூலையில் போய்வந்த பிளானை எடுத்து, தேதியை மட்டும் நவம்பராக மாற்றி, கோடையில் கண்ணில் படவே படாத வடதுருவ ஒளியை "எல்லா இரவும் உறுதி" என்று சேர்த்திருந்தார். அந்த ஒளிக்கு உறுதி கொடுக்க யாராலும் முடியாது. இருட்டு வேண்டும், மேகம் விலக வேண்டும், சூரியனும் மனசு வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கணக்குதான் உயிருக்கே உலை. விக் கிராமத்திலிருந்து கிளம்பி, யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி பார்த்து, இரவு கிழக்கே எய்ல்ஸ்ஸ்டாடிர் ஓட்டல். நாட்டைச் சுற்றிவரும் ரிங் ரோட்டில், கடலோரமாக 500 கிலோமீட்டருக்கு மேல். அங்கே உச்சபட்ச வேகமே 90. நவம்பர் நடுவில் காலை பத்துக்கு விடிந்து நாலரைக்கு முன்பே மங்கிவிடும். எங்கும் நிற்காமல் ஓட்டினால்கூட மொத்த வெளிச்சமும் ரோட்டுக்கே போய்விடும், மீதி தூரம் பனி உறைந்த வளைவுகளில் இருட்டில். லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பழகியவன், அந்தக் கணக்கிலேயே தலையாட்டியிருக்கிறேன்.

விக்கில் நாங்கள் தங்கிய விருந்தினர் இல்லத்து அம்மாள் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இதைப் போட்டவர் இங்கே வந்ததே இல்லை" என்றார். தன் போனை எடுத்து இரண்டு தளங்களைக் காட்டினார். ஒன்று வானிலை மையத்தினுடையது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கையும், கிலோமீட்டரில் இல்லாமல் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று காற்றும் போடுகிறார்கள். இன்னொன்று சாலைத் துறையினுடையது. எந்த ரோடு வழுக்குகிறது, எது மூடல் என்று நிறம் நிறமாகத் தெரியும். காலையில் காபிக்கு முன்னால் இதைத்தான் பார்ப்போம் என்றார். அங்கேயே கிழக்குப் பயணத்தைக் கைவிட்டோம். முன்பணம் கட்டிய ஓட்டல் இரவுகள் போயின, விக்கில் இரண்டு இரவு கூடுதலாகக் கைக்காசு.

அடுத்த நாள் ரெய்னிஸ்ஃபியாரா. கடற்கரைக்குப் போகும் வழியில் அலை அபாயத்தைக் காட்டும் சிக்னல் விளக்கு வைத்திருக்கிறார்கள். திடீரென ஒரு பேரலை வந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிற இடம் அது. நான் அலையைப் பற்றியே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டு காரை நிறுத்தினேன், பின்புறம் காற்றைப் பார்த்தபடி. மகன் கதவின் கைப்பிடியை இழுத்தான், அவ்வளவுதான். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பதைப் பழமொழியாகத்தான் கேட்டிருக்கிறேன். கதவு அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் முன்பக்கம் முழுக்க மடிந்தது. கீல் இருக்கும் இடத்தில் தகரம் நசுங்குகிற ஒரு சத்தம். நல்ல வேளை, பையனின் விரல் தப்பியது. அதன் பிறகு அந்தக் கதவு மூடவே இல்லை, நான்கு விரல் இடைவெளி. அம்மா புளியோதரைப் பையைக் கட்டிக் கொடுத்திருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து, கதவையும் சீட் பெல்ட்டையும் சேர்த்துக் கட்டி, விக் வரை ஊர்ந்தோம். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியும் பிள்ளைகளின் பற்கள் தந்தியடித்தன. காரின் மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தியிருந்தால் காற்றே கதவைச் சாத்தியிருக்கும். இதையும் விருந்தினர் இல்லத்து அம்மாள்தான் சொன்னார், ஒரு நாள் தாமதமாக. பில் 2,40,000 குரோனா, ஏறத்தாழ 1,370 பவுண்டு. கார் நிறுவனத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் சொன்னார்கள், ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்கள். "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று இரண்டு வார்த்தையில் முடித்தவர்மேல்தான் கோபம்.

சோல்ஹெய்மாயோகுல் பனிப்பாறை நடைக்கு நாலு டிக்கெட் உண்மையிலேயே வாங்கியிருந்தார். ஆனால் வயது வரம்பு எட்டு. ஆறு வயதுப் பையனைக் கூட்டிப்போக முடியாது என்று வழிகாட்டி கைவிரித்தார், சரியாகத்தான் செய்தார். மனைவியும் மகளும் போய்வந்தார்கள், அதைப் பற்றி இன்னும் பேசித் தீரவில்லை. நானும் மகனும் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து புளியோதரையைக் காலி செய்தோம்.

கடைசி நாள் புளூ லகூன் வெந்நீர்க் குளம். அதற்கு முந்தைய இரவு, நவம்பர் 20, பதினொரு மணிக்கு மேல் ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் எரிமலை வெடித்தது. ஒரு வருடத்துக்கு முன் கிரிண்டவிக் ஊரையே காலி செய்ய வைத்த அதே வெடிப்புத் தொடர். விடியுமுன் விமான நிலையம் போகிற ரோட்டில் தெற்கு வானம் முழுக்கச் சிவந்திருந்தது. மகன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வாய் திறக்கவே இல்லை. அன்றைக்கே எரிகுழம்பு அந்தக் குளத்தின் கார் நிறுத்தத்தை விழுங்கிவிட்டது. ஆளே போக முடியாத இடத்துக்கு எப்படியும் பணம் திரும்ப வரும் என்று ஊருக்கு வந்ததும் எழுதிக் கேட்டேன். என் பெயரில், மனைவி பெயரில், ஏஜெண்டு பெயரில், எதிலும் அப்படி ஒரு பதிவே இல்லை. ஐந்து டிக்கெட் காசை வாங்கிப் பையில் போட்டிருக்கிறார். எரிமலை வெடிக்காமல் இருந்திருந்தால் வாசல்வரை போய் அசிங்கப்பட்டிருப்போம்.

திரும்பியதும் ரசீதை எடுத்துப் பார்த்தேன். விமானமும் ஓட்டலும் சேர்த்து விற்றால் பிரிட்டனில் அட்டோல் என்ற பயணப் பணப் பாதுகாப்பு கொடுத்தாக வேண்டும், பணம் கட்டியதும் சான்றிதழும் தர வேண்டும். எங்களுக்குச் சான்றிதழ் வரவில்லை, ரசீதின் அடியில் ஒரு எண் மட்டும் இருந்தது. விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் இந்த ஆளோடு சம்பந்தமே இல்லை. தேடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில், காபி டம்ளரை அவர் கையில் கொடுத்த நேரத்திலேயே தேடியிருக்கலாம்.

பேங்க் கைவிரித்துவிட்டது. விமானமும் கொஞ்சம் ஓட்டலும் கிடைத்திருக்கிறதே, அதனால் இது மோசடி அல்ல, உங்கள் இருவருக்கும் இடையிலான தகராறு என்கிறார்கள். பாதி சேவை கொடுத்து ஏமாற்றுவதில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது. மோசடிப் புகார்களை அப்போது வாங்கிக்கொண்டிருந்த ஆக்‌ஷன் ஃப்ராட் மையத்தில் புகார் கொடுத்துப் பதிவு எண் வாங்கி வைத்திருக்கிறேன். வழக்கு போடப்போகிறேன் என்று முறைப்படி கடிதம் அனுப்பியதும் பேச்சு மாறியது. "நம்மளுக்குள்ள எதுக்கு தம்பி கோர்ட்டு" என்று 600 பவுண்டு அனுப்பினார். மிச்சத்துக்குப் பதில் இல்லை. 10,000 பவுண்டுக்குள் இருப்பதால் வக்கீல் வைக்காமல் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நானே போடலாம். படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஐஸ்லாந்து போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று எங்கள் முன்னால் நாலு தடவை பீறிட்டது, இன்னும் நாலு தடவை பார்த்திருப்பேன். குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு போனால் ரெய்க்யாவிக்கிலோ தெற்கிலோ ஒரே இடத்தில் தங்கி, பகல் பயணமாகப் போய்வாருங்கள், ரிங் ரோட்டைக் கோடைக்கு விடுங்கள். அம்மா டிசம்பரில் மதுரைக்குத் திரும்பிவிட்டார். மங்கி கேப்பை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த ஆளிடம் பணம் கட்டியவர்கள், குறிப்பாக அந்த பிப்ரவரி பயணத்துக்குக் கட்டியவர்கள் இருந்தால், உங்கள் ரசீதின் அடியில் இருக்கும் எண்ணையும் பணம் போன கணக்கின் பெயரையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எனக்கு வந்த ரசீதில் ஒரு பெயரும் பேங்க் கணக்கில் இன்னொரு பெயரும் இருக்கிறது. உங்களுடையதிலும் அப்படித்தானா என்று தெரிய வேண்டும்.