மொட்டைமாடியில் வானாய்வுக்கூடம் கட்டப் போகிறீர்களா? 2,40,000 ரூபாய் தொலைத்தவன் சொல்கிறேன்

பெங்களூரில் வீட்டு மாடியில் சின்னதாக வானாய்வுக்கூடம் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார். தமிழ்தான் பேசுவார், நன்றாகவே பேசுவார். என்னிடம் வாங்கியது 2,40,000 ரூபாய். அதில் இன்றைக்கு உருப்படியாக மிஞ்சியிருப்பது நான்கு பக்கச் சுவர்ப்பலகையும் ஒரு கதவும். வழக்கு நடப்பதால் பெயரைப் போட முடியாது. நடந்ததைச் சொல்லத் தடையில்லை.

ராமமூர்த்தி நகரில் சொந்த வீடு. கீழும் மேலுமாக இரண்டு தளம், அதற்கு மேல் மொட்டைமாடி. என்னிடம் இருப்பது 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கியும் ஒரு ஈக்குவடோரியல் மவுண்டும், அதாவது வானம் நகரும் வேகத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கியும். ஆறு வருடமாக இரண்டையும் மாடிக்குத் தூக்கி, முக்காலியில் பூட்டி, துருவ நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டின் அச்சைத் திருப்பி நிறுத்தி, எல்லாம் முடிந்து கண்ணை வைக்கும் நேரத்தில் மேகம் வந்துவிடும். பெங்களூர் வானத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான் நம்பலாம். பால்வீதியெல்லாம் இங்கிருந்து கனவு. அதற்குக் காவலூர் பக்கம் ஜவ்வாது மலைக்குத்தான் போக வேண்டும். ஆனால் நிலா, வியாழன், சனி, இரட்டை நட்சத்திரங்களுக்கு மொட்டைமாடியே போதும். எல்லாவற்றையும் மேலேயே நிரந்தரமாக வைத்து, கூரையைத் தள்ளினால் வானம் என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். ஆசை தப்பில்லை. ஆளைப் பிடித்ததுதான் தப்பு.

2025 பிப்ரவரியில் அவர் வீட்டுக்கு வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்தார், டேப் பிடித்தார், அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "சார், நாமெல்லாம் தமிழாளுங்க. வெளியூர்ல வந்து பொழைக்கிற இடத்துல உங்களைப் போய் ஏமாத்துவேனா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னேன். செல்போனில் ஒரு போட்டோ காட்டினார்: பச்சைப் புல்வெளி, மரச்சுவர் வைத்த அழகான அறை, கூரை பாதி திறந்திருக்கிறது, உள்ளே தடித்த தூணின் மேல் ஒரு மவுண்ட். "ஹொஸ்கோட்டை பக்கம் ஒரு டாக்டர் ஃபார்ம் ஹவுஸ்ல நாங்க போட்டது சார்." அந்தப் போட்டோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டேஷன் 2,85,000. ஆறு வாரத்தில் முடித்துவிடுவதாகச் சொன்னார். அட்வான்ஸ் 1,50,000 அவருடைய சொந்தக் கணக்குக்கு யூபிஐயில் போனது. ஜிஎஸ்டி பில் கேட்டேன். "கடைசியில மொத்தமா போட்டுத் தர்றேன்" என்றார். சரி என்றேன். என் மனைவி மட்டும், "ஏங்க, பாதிக்கு மேல முன்னாடியே கொடுக்கிறீங்களே?" என்று கேட்டாள். இன்று வரை வாரம் ஒருமுறையாவது அதை நினைவுபடுத்துகிறாள்.

முதலில் தூண் விஷயம். தொலைநோக்கி நிற்கும் தூணை பியர் என்பார்கள். ஆள் நடக்கும் அதிர்வு ஏறாமல் இருக்க, அது அறையின் எந்தப் பாகத்தையும் தொடக்கூடாது. அறையின் தரைப்பலகைக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். மாடியில் கட்டினால் அது வீட்டின் பில்லருக்கு நேர்மேலே, அல்லது குறைந்தது பீமின் மேல் உட்கார வேண்டும். இவர் அறைக்கு நடுவில் வந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று ஸ்லாபின் நட்ட நடுவில் இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி உயரத்தில் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார். அதன் மேல் ஒரு இரும்புத் தகடு. பிறகு சுற்றிலும் பிளைவுட் தரையை அந்தக் கான்கிரீட்டோடு ஒட்டி ஆணியும் அடித்துவிட்டார்.

ஏப்ரலில் முதல் முறை வியாழனைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. 200 மடங்கு உருப்பெருக்கத்தில், அதன் மேகப் பட்டைகள் இரண்டும் கோடு போட்டது போல் நிற்கின்றன. என் மகள் "அப்பா, நான்" என்று இரண்டு அடி எடுத்து வைத்தாள். வியாழன் கண்வில்லையின் ஓரத்துக்கு ஓடி, திரும்பி வந்து, நான்கைந்து தடவை ஆடிவிட்டு நின்றது. கீழே மாமியார் துணி துவைக்கும் மெஷின் சுற்றும்போதும் அதே ஆட்டம். முக்காலியில் வைத்துப் பார்த்தபோதுகூட இவ்வளவு ஆடியதில்லை.

எடைதான் இன்னும் பெரிய விஷயம், அதை எனக்குச் சொன்னது பிறகு வந்த ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. என் தூண் மட்டுமே 800 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிர்ணயம் கணக்கில் எடுக்கச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இங்கே அரை சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில் 800. அவர் கீழே அம்மாவின் அறைக்குப் போய், டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்து, முடி போன்ற இரண்டு விரிசல்களைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டார். "கட்டிலை முதல்ல அடுத்த ரூமுக்கு மாத்துங்க" என்றார். அம்மா அன்றிரவு ஹாலில் படுத்தார்.

அடுத்தது கூரை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் மோசமான வேலை. இது அவருக்கு இந்தத் தொழிலே தெரியாது என்பதற்கு அத்தாட்சி.

நகரும் கூரை வைத்த வானாய்வுக்கூடங்களில் கூரையை வடக்குப் பக்கம் தள்ளுவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கம். அங்கே சுவாரசியமான வானமெல்லாம் தெற்கே. துருவ நட்சத்திரமோ உயரத்தில் இருக்கும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். லண்டனில் 51. பெங்களூரில் 13. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது 10 டிகிரி. நமக்கு அதற்குச் சற்று மேலே, அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பினால் துருவ நட்சத்திரம் அவர் வீட்டுக்குள் போய்விடும்.

என் கூரையைத் திறந்து வடக்கே நிறுத்தினால், அதன் முகடு தூணிலிருந்து 5 அடி தள்ளி, தொலைநோக்கியை விட 4 அடி உயரத்தில் நிற்கிறது. கணக்குப் போட்டால் வடக்கே 38 டிகிரி வரை தகரம்தான் தெரியும். லண்டன்காரருக்கு இதே கூரைக்கு மேலே துருவ நட்சத்திரம் தாராளமாகத் தெரியும். எனக்கு ஜி.ஐ. தகட்டின் அலை அலையான மடிப்புகள் தெரிந்தன. எங்கோ இருந்த வரைபடத்தை அப்படியே இறக்கியிருக்கிறார். துருவத்தைப் பார்க்காமலும் மவுண்டை ஒழுங்குபடுத்த வழிகள் உண்டு, கேமராவும் மென்பொருளும் வைத்துச் செய்யலாம். ஆனால் அதற்காகவா இவ்வளவு பணம் கொடுத்தேன்? போன் போட்டுக் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "சார், ஒரு நட்சத்திரம்தானே தெரியல, மத்தது ஆயிரம் இருக்கே."

இதில் என் பங்கும் உண்டு. 13 டிகிரி எனக்குத் தெரியாத எண் இல்லை. ஆறு வருடமாக மவுண்டில் நானே திருகி வைத்த எண். அவர் கொடுத்த வரைபடத்தில் வடக்கு அம்புக்குறியும் தெளிவாக இருந்தது. பார்த்தேன், தலையாட்டினேன். வேண்டும் என்று நினைத்துவிட்டால் கண் இருந்தும் பார்ப்பதில்லை.

தண்டவாளம் என்று அவர் போட்டது ஆங்கிள் இரும்பு. சக்கரம், கேட்டுக்குப் போடும் பள்ளம் வைத்த சக்கரம். அது தப்பில்லை, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டு ஆங்கிளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டுமே. வீட்டுச் சுவரோரம் அளந்தால் 9 அடி 2 அங்குலம், வெளி முனையில் 9 அடி 2¾ அங்குலம். ஒரு பக்கமாவது தட்டைச் சக்கரம் போட்டிருந்தால் அந்த முக்கால் அங்குலத்தை அது பொறுத்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் பள்ளச் சக்கரம் என்பதால் பாதி வழியில் கடித்துக்கொண்டு நிற்கும். வெல்டிங் வேலைக்கு வந்த தர்மபுரிப் பையனிடம் இதைக் காட்டினேன். பாவம், உண்மையைச் சொல்லிவிட்டான்: "அண்ணே, நாங்க கோழிப்பண்ணை ஷெட்டுதான் போடுவோம். ஓடுற கூரை போடுறது இதான் முதல் தடவை."

சட்டகம் எழுந்ததும் இன்னொரு 75,000 கொடுத்திருந்தேன். ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் கோடைமழைக்கு முன்னால் அடிக்குமே அந்தக் காற்று, அது கூரையின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கூரையைச் சுவரோடு பிடித்து வைக்கக் கொக்கி எதுவுமே இல்லை. கொடிக்கயிற்றால் கட்டி, மேலே மீந்த சிமெண்ட் மூட்டைகளை வைத்தோம். கிளாம்ப் போட 15,000 தனியாகக் கேட்டார், கொடுத்தேன். கிளாம்பும் வரவில்லை, அவரும் வரவில்லை. மே மாத மழையில் தண்டவாளத் தூண்களுக்காக வாட்டர்ப்ரூஃபிங்கைத் துளைத்துப் போட்ட 12 ஆங்கர் போல்ட் வழியாக அம்மாவின் அறையில் தண்ணீர் சொட்டியது. அதனால்தான் எஞ்சினியரைக் கூப்பிட்டேன். ஜூனில் தூணை வெட்டி எடுத்தோம். பிரேக்கர் வைத்து உடைத்தால் ஸ்லாப் அதிரும் என்பதால் வைர பிளேடால் துண்டு துண்டாக அறுத்து, நான்கு ஆட்கள் இரண்டு நாள் கீழே இறக்கினார்கள். அதற்கு 22,000. அதற்குள் ஒப்பந்தக்காரரின் போன் அணைந்தே போய்விட்டது.

செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணம். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் அன்றைக்குத்தான் தெருக்காரர்களை மாடிக்கு அழைப்பதாக இருந்தேன். அழைத்தும்விட்டேன். பழைய முக்காலியையே உள்ளே வைத்திருந்தேன். ராத்திரி 11 மணிக்கு நிலா முழுதாக நிழலுக்குள் போகும் நேரத்தில் கூரை ஒன்றரை அடி நகர்ந்து கடித்துக்கொண்டது. ஆறு பேர் தள்ளினோம். அசையவில்லை. எல்லாவற்றையும் கழற்றி வெளியே கொண்டுவந்து மறுபடி பூட்டும் பொறுமை யாருக்கும் இல்லை. தொலைநோக்கி உள்ளே, நாங்கள் வெளியே. மேகம் விலகியபோதெல்லாம் செம்பு நிற நிலாவை வெறுங்கண்ணால் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: 1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். அவரிடமிருந்து பதில் இல்லாததால் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லையே என்று பயந்தேன். யூபிஐ பதிவுகள், வாட்ஸப் பேச்சு, அவர் அனுப்பிய வரைபடம், எஞ்சினியரின் எழுத்துப்பூர்வ அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். "ஆயிரம் இருக்கே" என்பது போனில் சொன்னது, அது மட்டும் கையில் இல்லை. இனிமேல் யாரிடமும் போனில் பேசிவிட்டு, பேசியதை ஒருமுறை வாட்ஸப்பில் எழுதியும் அனுப்பிவிடுவேன்.

இப்போது மாடியின் ஒரு மூலையில், பில்லருக்கு நேர்மேலே 6 அங்குல இரும்புக் குழாயில் தூண் நிற்கிறது. தரைப்பலகை அதைத் தொடவில்லை. கூரையை மேற்கே திருப்பப் போகிறேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கத்தை ஏற்கெனவே மறைத்துவிட்டதால் நஷ்டமில்லை. தெற்கை விடமாட்டேன், அகத்திய நட்சத்திரமும் தென்சிலுவையும் அங்கேதான் தாழ்வாக வந்து போகும்.

போன வாரம் ஒரு நண்பர் ஒரு விளம்பரத்தை அனுப்பினார். புதுப் பெயர், புது எண், அதே புல்வெளிப் போட்டோ. இந்த முறை அது தேவனஹள்ளி பக்கம் கட்டியதாம். போட்டோவைப் பெரிதாக்கி மவுண்டைப் பாருங்கள். அதன் அச்சு 50 டிகிரிக்குக் குறையாமல் நிமிர்ந்து நிற்கிறது. நம் ஊரில் கட்டியதாக இருந்தால் அது கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்க வேண்டும்.