மியாவாக்கி அடர்வனச் சேவை: மண்வேலைக்குத் தாராளமாகக் கொடுங்கள், அடர்த்திக்குக் கணக்குக் கேளுங்கள்

சென்னையில் குடியிருப்போர் சங்கங்கள், பள்ளிகள், தொழிற்சாலைகளுக்கு வரும் விலைப்புள்ளிகளில் "மியாவாக்கி அடர்வனம்" இப்போது அடிக்கடி தென்படுகிறது. ஒப்பந்தக்காரர் இடத்தை அளந்து, மண்ணைத் தோண்டிப் பதப்படுத்தி, நெருக்கமாகக் கன்று நட்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டு பராமரித்து ஒப்படைப்பார். 2020 தொடக்கத்தில் மாநகராட்சியே கோட்டூர்புரத்தில் இந்த முறையில் நட்டபிறகு இதை விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். இந்த மதிப்பீடு எந்த ஒரு நிறுவனத்தையும் பற்றியதல்ல. இந்தச் சேவையில் என்ன கிடைக்கிறது, எது கெட்டுப்போகிறது, சொல்லப்படும் பலன்களில் எவை இன்னும் நிரூபிக்கப்படாதவை என்பதே இங்கே பேச்சு.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். இடம் சிறியது, மண் கட்டடக் கழிவால் கெட்டுப்போனது, மூன்று கோடைக்குத் தண்ணீர் உறுதி என்றால் இது வாங்கத்தக்க சேவை. மண் ஏற்கெனவே நன்றாக இருந்தாலோ, இடம் ஏக்கர் கணக்கில் இருந்தாலோ, இதைவிடச் செலவு குறைந்த வழிகள் உண்டு.

செலவில் பெரும்பங்கு மண்ணுக்குள் போகிறது; போகவும் வேண்டும். வழக்கமான முறையில் ஜேசிபி வைத்து ஒரு மீட்டர் ஆழம் தோண்டி, அந்த மண்ணோடு மூன்று வகைப் பொருள் கலக்கிறார்கள். காற்றும் வேரும் ஊடுருவ உமி, ஈரம் பிடிக்கத் தேங்காய் நார்க்கழிவு, சத்துக்குத் தொழுவுரமோ மண்புழு உரமோ. எதை எவ்வளவு கலப்பது என்பதை மண்தான் தீர்மானிக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் பாதி மண்ணும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஒருநாள் அசையாமல் வைத்தால் மணல், வண்டல், களி மூன்றும் அடுக்கடுக்காகப் படியும். திருவான்மியூர்ப் பக்கத்து மணலுக்கு நார்க்கழிவு கூடுதலாக வேண்டும். வேளச்சேரிக் களிக்கு உமி கூடுதலாக வேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே அளவு எழுதியிருக்கும் விலைப்புள்ளி மண்ணைப் பார்க்காமல் எழுதப்பட்டது.

கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கழுவாத நார்க்கழிவில் உப்பு அதிகம். நட்ட சில வாரங்களில் இலை நுனி கருகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். மட்காத உமியையும் நாரையும் அப்படியே கலந்தால், அவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். கன்றுகள் வெளிறும். உடனே யூரியா போடச் சொல்வார்கள். அது இன்னொரு தொல்லைக்கு வழி. மட்காத பொருளைத் தேடிக் கரையானும் வரும். எல்லாம் மட்கியபின் மண்மட்டம் தாழ்ந்து நடுவில் குழி விழும், அடுத்த ஐப்பசி மழையில் அங்கே தண்ணீர் தேங்கும். ஆகவே நடும்போது மண்மட்டம் சுற்றுத்தரையைவிடச் சற்று மேடாக இருக்க வேண்டும். இதை விலைப்புள்ளியில் எழுதி வாங்குங்கள்.

களிமண் தரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தோண்டிய ஒரு மீட்டர் பொலபொலவென்று இருக்க, அதன் அடித்தளம் இறுகிய களியாக இருந்தால் அந்தக் குழி அடைபட்ட தொட்டிபோல ஆகிவிடும். நடுவதற்கு முன் குழியின் அடியில் ஓரடி ஆழத்துக்கு இன்னொரு சிறு பள்ளம் எடுத்துத் தண்ணீர் நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். இறங்கவே இல்லையென்றால் வடிகால் அமைக்காமல் கன்று வைக்கக் கூடாது. நாவல், புங்கன், நீர்மருது போன்றவை ஓரளவு தாங்கும். மற்றவை பலவற்றின் வேர் அழுகும்.

அடுத்தது செடிப் பட்டியல். இந்த முறையை வகுத்த அகிரா மியாவாக்கி யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர். 1970களின் தொடக்கத்தில் நிப்பான் ஸ்டீல் ஆலை வளாகங்களில் நட்டுக் காட்டினார், 2021-இல் மறைந்தார். மனிதர் கை படாவிட்டால் ஓரிடத்தில் இயல்பாக எந்தக் காடு இருக்குமோ அதையே நட வேண்டும் என்பதுதான் அவர் முறையின் உயிர்நாடி. அந்தக் காடு எது என்பதை ஜப்பானியக் கோயில்களைச் சுற்றி எஞ்சியிருந்த பழைய மரத்தோப்புகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். சோழமண்டலக் கரைக்கு அதற்கு இணையான சான்று கோயில்காடுகள். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் எஞ்சியிருக்கும் வகை, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. வீரை, உலக்கைப்பாலை, காயா, கருங்காலி, குருந்து, அழிஞ்சில், வெட்பாலை இந்தக் கரைக்குரிய மரங்கள்.

நம் ஊர் விலைப்புள்ளிகளிலோ மகாகனி, தேக்கு, மலைவேம்பு, கொய்யா, நெல்லி எல்லாம் கலந்து கிடக்கும். நாற்றங்காலில் மலிவாகவும் மொத்தமாகவும் கிடைப்பவை அவை. வீரையும் காயாவும் மெதுவாக வளர்பவை, விதை சேகரிப்பதும் கடினம். ஆறு மாதம் முன்பே சொல்லிவைக்காவிட்டால் கிடைக்காது. மகாகனி சேர்ந்த அடர்வனம் பசுமையாகத்தான் இருக்கும். ஆனால் அதை மியாவாக்கி முறை என்று விற்பது தவறு. பட்டியலைப் பார்க்கும்போது அடுக்குகளையும் பாருங்கள். உயர்ந்த விதான மரம் 15 முதல் 20 விழுக்காடு, மரம் 40 முதல் 50, சிறுமரம் 25 முதல் 30, புதர் 8 முதல் 12 என்பது நடைமுறையில் பலரும் கொள்ளும் அளவு. எல்லாமே உயர மரமாக இருந்தால் ஒன்றையொன்று முந்திக் குச்சிகுச்சியாக நீளும், காற்றில் சாயும். கன்று 60 முதல் 80 செ.மீ. உயரம் போதும். இறக்கும் அன்றே சில பைகளைக் கிழித்துப் பாருங்கள். வேர் அடியில் சுருண்டு கிடந்தால் அந்தத் தொகுதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சுருண்ட வேரோடு நட்ட மரம் வளரும், பிறகு ஒரு புயலில் வேரோடு சாயும்.

தண்ணீரைப் பற்றி விற்பவர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். பரவலாகச் சொல்லப்படும் அளவு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட் இடத்துக்கு 500 லிட்டர். பிப்ரவரி முதல் ஜூன் வரை 150 நாளுக்கு 75,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் ஆறுக்குமேல். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். குளியலறை, சலவைக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்ச வழியிருந்தால் மட்டுமே இது நியாயமான செலவு. கடற்கரை ஓரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை நம்பி இறங்க வேண்டாம். மூடாக்குக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 முதல் 7 கிலோ வைக்கோல் வேண்டும். கயிறு கட்டி அழுத்தாவிட்டால் காற்றிலும் மாட்டிடமும் போய்விடும். பெய்யும் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீரும் ஊர் இது. வடியும் மண்ணில் அந்த மழையின் தொடக்கத்திலும், தண்ணீர் தேங்கும் மண்ணில் ஆடி, ஆவணியிலேயே வேர்பிடிக்கும்படியும் நடுவது நல்லது.

இனி விளம்பர வாசகங்களுக்கு வருவோம். "பத்து மடங்கு வேகம், முப்பது மடங்கு அடர்த்தி, நூறு மடங்கு பல்லுயிர்" என்று உலகம் முழுவதும் ஒரே வரிதான். எதைவிடப் பத்து மடங்கு என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆய்வுக்குறையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு மீட்டர் தோண்டி, உரமிட்டு, மூடாக்குப் போட்டு, தினமும் நீர் பாய்ச்சிய நிலத்தை, ஒன்றும் செய்யாத சாலையோரக் குழியோடு ஒப்பிட்டால் முன்னது வேகமாகத்தான் வளரும். அந்த வேகம் மண்வேலையால் வந்ததா, நெருக்கத்தால் வந்ததா? அதே மண்வேலை செய்து இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்ட துண்டு ஒன்று பக்கத்திலேயே இருந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். வேலி மட்டும் போட்டுத் தானாக முளைக்கவிட்ட துண்டும் வேண்டும். நம் ஊர்களில் நடப்பட்ட அடர்வனங்களில் இப்படி ஒப்பீட்டுத் துண்டு வைப்பது வழக்கத்திலேயே இல்லை. நட்ட நாளில் எத்தனை கன்று என்பது செய்தியாகும். மூன்றாம் ஆண்டு எத்தனை இருக்கிறது என்பது பதிவாவதில்லை.

இறப்பு விகிதத்துக்கும் பொது அளவுகோல் கிடையாது. இத்தாலியின் சார்டினியாத் தீவில் 1997-இல் இம்முறையில் நட்டு, பத்தாண்டுக்கு மேல் கழித்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. 61 முதல் 84 விழுக்காடு கன்றுகள் இறந்திருந்தன. இருந்தும், வழக்கமான முறையோடு ஒப்பிட்டு, பலன் நன்று என்றே ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். முரண்பாடாகத் தோன்றினாலும் காரணம் உண்டு. சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்றால் ஹெக்டேருக்கு 30,000. முதிர்ந்த காட்டில் அதில் சிறு பங்கு மரம்தான் நிற்க முடியும். மிச்சம் சாகத்தான் வேண்டும். ஆனால் போட்டியில் செத்ததற்கும் அழுகியும் காய்ந்தும் செத்ததற்கும் வேறுபாடு தெரிய வேண்டுமே. முதல் ஆண்டில் ஒரே இனம் கூட்டமாகச் செத்தால் அது தோல்வி. மூன்றாம் ஆண்டுக்குப்பின் நிழலில் சிக்கிய மெலிந்த கன்றுகள் அங்கங்கே போனால் அது இயல்பு. இனவாரியாகப் பதிவு இல்லாமல் இரண்டையும் பிரிக்க முடியாது. கன்று எண்ணிக்கைக்கு விலை பேசும் ஒப்பந்தமோ சாகப்போகும் கன்றுக்கும் சேர்த்தே காசு வாங்குகிறது.

கரிமக் கணக்கு இன்னும் மோசம். ஒரு மரம் ஆண்டுக்கு 20 கிலோ கரியமில வாயு உறிஞ்சும் என்று வைத்து 300 கன்றால் பெருக்கி, ஆண்டுக்கு 6 டன் என்று சான்றிதழ் அச்சடிப்பார்கள். 100 சதுர மீட்டருக்கு 6 டன் என்றால் ஹெக்டேருக்கு 600 டன். வெப்பமண்டலத்தில் வேகமாக வளரும் மரத்தோட்டங்கள்கூட ஆண்டுக்குச் சில பத்து டன்னோடு நின்றுவிடும். கணக்கிட வேண்டியது நிலப்பரப்பை வைத்து, கன்றை வைத்து அல்ல. தோண்டிய டீசலும் லாரித் தண்ணீரும் அந்தச் சான்றிதழில் கழிக்கப்படுவதும் இல்லை.

குளிர்ச்சியைப் பற்றிய கூற்றில் உண்மை இருக்கிறது, நிழல் வெப்பத்தைக் குறைக்கும். ஆனால் சென்னை போன்ற புழுக்கமான கடலோர நகரில் வெப்பநிலையை மட்டும் அளந்தால் போதாது. அடர்ந்த புதர் ஈரப்பதத்தைக் கூட்டும், கடற்காற்றைத் தடுக்கும். அதை ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இதமா புழுக்கமா என்பது ஈரக்குமிழ் வெப்பநிலையும் (காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் அளவு) காற்றோட்டமும் சேர்த்து அளந்தால்தான் தெரியும். 100 சதுர மீட்டர் துண்டின் குளிர்ச்சி எத்தனை மீட்டர் தூரம் எட்டும் என்பதும் இங்கே அளந்து பார்க்க வேண்டிய ஒன்று.

வெள்ளத்துக்கு உதவுமா? ஓரளவு உதவும். பொலபொலவென்ற 100 கன மீட்டர் மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி காலியாக இருந்தால் 20,000 லிட்டர் பிடிக்கும். 200 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் வரும் தண்ணீர் அது. ஆனால் மாடிக் குழாயை அங்கே திருப்பிவிட்டால்தான் இந்தப் பலன். பெரும்பாலான திட்டங்களில் அப்படிச் செய்வதில்லை. மண் ஆண்டுக்காண்டு இறுகும்போது இந்தக் கொள்ளளவு எவ்வளவு குறைகிறது என்பதையும் தொடர்ந்து அளக்க வேண்டும்.

எங்கே நடவே கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏரி உட்புறம், சதுப்பு ஓரம், புல்வெளி, இயற்கையான புதர்க்காடு இவை "காலி இடம்" அல்ல. பள்ளிக்கரணை போன்ற இடத்தில் மரக்கூட்டம் வைப்பது அங்கே இருக்கும் பறவைக்கும் புல்லுக்கும் கேடு. 2020-இல் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வெளியிட்ட இயற்கைசார் தீர்வுகளுக்கான உலகத் தரநிலையில் 8 அளவுகோல்களும் 28 குறியீடுகளும் உள்ளன. பல்லுயிரில் நிகர ஆதாயம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று எழுதி வைக்காதவர் நிகர ஆதாயத்தைக் காட்ட முடியாது. அடையாறு முகத்துவாரத்தில் 2011-இல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவில் நீர்நிலை, சதுப்பு, மரம் மூன்றுக்கும் தனித்தனி இடம் விட்டார்கள். பெரிய நிலம் வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது அது. ஆரோவில்லில் 1968-க்குப்பின் வறண்ட செம்மண் மேட்டில் மண்வரப்பு கட்டி மழையை நிறுத்தி, முன்னோடி மரங்களின் நிழலில் இந்தக் கரையின் காட்டை மீட்ட அனுபவமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

வாங்குவதென்று முடிவானால் ஒப்பந்தத்தில் சிலவற்றைச் சேருங்கள். 100 சதுர மீட்டர் இடமென்றால் 50-இல் அடர்வனம், 25-இல் அதே மண்வேலையோடு இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒன்பது கன்று, 25-இல் வேலி மட்டும். அடர்வனத்துக்கு 150 கன்று போதும் என்பதால் செலவும் குறையும். ஒவ்வொரு கன்றுக்கும் இனப்பெயரோடு எண்பட்டை. நட்ட 1, 6, 12, 24, 36-ஆம் மாதங்களில் உயிரோடு இருப்பது, உயரம், தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் தண்டின் தடிமன், இவற்றை அளந்து தாளில் ஏற்ற வேண்டும். ஊற்றிய தண்ணீருக்கு மீட்டர் வைக்க வேண்டும். ஓரிடத்து அளவால் எதையும் நிரூபிக்க முடியாதுதான். பத்துச் சங்கங்கள் ஒரே படிவத்தில் அளந்து பொதுவில் வைத்தால் இந்தக் கரைக்கு இதுவரை கைக்கு வராத தரவு கிடைத்துவிடும். கடைசித் தவணையாக ஐந்தில் ஒரு பங்கையாவது 36-ஆம் மாத அளவு கைக்கு வரும்வரை நிறுத்திவையுங்கள். தண்ணீரை மூன்றாம் ஆண்டில் சட்டென்று நிறுத்தாமல், அதற்கு முந்தைய மழைக்காலம் முதலே படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் அந்தத் தவணையோடு சேர்த்தே கேளுங்கள்.