பாலியில் வில்லாவுக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

குடும்பத்தோடு பாலிக்குப் போகத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு வில்லா அட்வான்ஸ் முழுதும் போனது. பணம் போனதுகூட ஒரு பக்கம். அந்த ஊர் ஜனங்கள் உயிராக மதிக்கிற சடங்கையே சாக்காகச் சொல்லி ஏமாற்றினார்களே, அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

அம்மாவுக்கு மூட்டு வலி, சுத்த சைவமும்கூட. படி ஏறாமல் உள்ளே போகிற மாதிரி, சமைக்க வசதியோடு ஓர் இடம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தோம். உபுது என்கிற ஊருக்குச் சற்று வெளியே, நெல்வயலைப் பார்த்தபடி இருந்த ஒரு வில்லாவின் படங்கள் இன்ஸ்டாகிராமில் கண்ணில் பட்டன. வாட்ஸ்அப்பில் பேசிய ஆள் அவ்வளவு பணிவு. அம்மாவின் வயதைக் கேட்டார், குளியலறையில் கைப்பிடி இருக்கிறது என்றார், தேங்காய் எண்ணெய் வாங்கி வைக்கட்டுமா என்றுகூடக் கேட்டார். புக்கிங் தளம் வழியாக வந்தால் கமிஷன் போய்விடும், நேரடியாக அனுப்பினால் விலையைக் குறைக்கிறேன் என்றார். பாதித் தொகையை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பியதும் முத்திரை குத்திய ரசீதும் வந்தது.

நுரா ராய் விமான நிலையத்தில் எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் நின்றார். அதுவரை எல்லாம் சரி. மீதித் தொகையை ரொக்கமாக, இந்தோனேசியப் பணமான ரூபியாவில்தான் தர வேண்டும் என்று சொல்லி, குட்டாவில் ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினார். துணிக்கடை ஒன்றின் பின்பக்கம் சின்ன மேசை போட்டு பணம் மாற்றுகிற இடம். வாசல் பலகையில் டாலருக்கு எழுதியிருந்த விலை, வழியில் பார்த்த எல்லாக் கடைகளையும்விட அதிகம். அங்கே நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரிதான் எல்லாரிடமும் செய்கிறார்கள்.

300 டாலர் கொடுத்தோம். டாலருக்கு 16,000 என்று வைத்தாலே 48 லட்சம் ரூபியா வர வேண்டும். ஒரு லட்சம் ரூபியா நோட்டு இருக்கிற ஊரில் அந்த ஆள் 20,000 ரூபியா நோட்டுகளாக எடுத்தார், அதாவது 240 நோட்டு. பத்து லட்சம் பத்து லட்சமாகக் கட்டி மேசையில் அடுக்கி, நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள் என்றார். எண்ணினால் சரியாக இருந்தது. அப்புறம், இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று எல்லாக் கட்டையும் தன் பக்கம் இழுத்து, மேசை விளிம்பில் தட்டித் தட்டி ஒன்றாகச் சேர்த்தார். அந்தத் தட்டலில்தான் விஷயம். கீழ்ப்பக்க நோட்டுகள் மேசைக்குப் பின்னால் அவர் மடியில் விழுகின்றன. அதே நேரம் இன்னொருவர், எந்த நாடு, எந்த ஊர் என்று பேச்சுக் கொடுக்கிறார். என் மனைவி வங்கியில் வேலை செய்கிறவள். பணத்தைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று மறுபடி எண்ணினாள். ஆறு லட்சம் குறைந்தது. அவள் எண்ணி முடிப்பதற்குள் அந்த ஆளின் முகம் மாறிவிட்டது. ரூபியாவைப் பிடுங்கிக்கொண்டு டாலரைத் திருப்பிப் போட்டு, கடை மூடுகிறோம் என்றார்.

பாலியில் பணம் மாற்ற இந்தோனேசிய மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியாவின் அனுமதி பெற்ற கடைக்கே போங்கள். 'PVA Berizin' என்ற அனுமதி முத்திரை கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ஏசி அறை, கண்ணாடித் தடுப்பு, அச்சடித்த ரசீது, கேமரா எல்லாம் பெரும்பாலும் இருக்கும். வங்கியோடு சேர்ந்த ஏடிஎம்மும் நல்லதுதான். எங்கே மாற்றினாலும், கடைசியாக எண்ணுகிற கை உங்களுடையதாக இருக்க வேண்டும். எண்ணிய பிறகு பணம் ஒரு நொடிகூட மேசைக்குத் திரும்பப் போகக் கூடாது.

உபுதை நெருங்கும்போதுதான் டிரைவர் பேச்சை ஆரம்பித்தார். நீங்கள் புக் செய்த வில்லாவின் உரிமையாளர் வீட்டில் ஒரு சாவு, நாளைக்கு அங்கே தகனச் சடங்கு, வெளியாட்கள் தங்கக் கூடாது என்பது எங்கள் மத வழக்கம், அதனால் அதைவிட நல்ல வேறு வில்லா ஏற்பாடு செய்திருக்கிறோம் என்றார். சாவு வீடு என்றால் நாம் என்ன பேசுவோம்? அம்மா பின் சீட்டில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். போய்ச் சேர்ந்த இடத்தில் நீச்சல் குளம் பச்சைப் பாசி. ஒரு சுவர் தள்ளிக் கட்டட வேலை. கேஸ் அடுப்பு இருந்தது, சிலிண்டர் இல்லை. குளியலறைக்கு நான்கு படி இறங்க வேண்டும். முழு மீதித் தொகையையும் இப்போதே கொடுங்கள், பாஸ்போர்ட்டையும் கொடுங்கள், பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். வெளிநாட்டவர் தங்கினால் விவரம் பதிவது முறைதான். அதற்குப் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டால் போதும். நான் பாஸ்போர்ட்டைக் கையை விட்டு விடவில்லை. கையிலிருந்த டாலரில் அந்த ஒரு இரவுக்கு மட்டும் கொடுத்தேன். ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவர்களும் அடமானமாகப் பாஸ்போர்ட் கேட்பார்கள். அவர்களிடமும் கொடுக்காதீர்கள்.

மறுநாள் காலையில் ஆப்பில் கார் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த முதல் வில்லாவின் இடத்துக்கு நானே போனேன். பாலியில் தகனம் என்றால் தெருவே சொல்லிவிடும். ஙாபென் என்று சொல்கிற அந்தச் சடங்குக்குப் பஞ்சார் மொத்தமும் வந்துவிடும். பஞ்சார் என்பது ஊரின் அக்கம்பக்கக் கூட்டமைப்பு, கல்யாணமோ சாவோ அவர்கள் இல்லாமல் நடக்காது. மூங்கிலும் காகிதமும் கொண்டு அடுக்கடுக்காகக் கட்டிய பாடை கோபுரம், உடலை வைத்து எரிக்கக் காளை வடிவப் பேழை, தாளமும் முரசுமாக ஊர்வலம், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய பெச்சாலாங் என்கிற ஊர்க் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி வழிவிடுவது. நாள் பார்ப்பது பூசாரி. செலவு அதிகம் என்பதால் பல குடும்பங்கள் உடலை முதலில் புதைத்துவைத்து, பிறகு ஊரோடு சேர்ந்து பெரிய தகனமாக நடத்துகின்றன. அந்தச் சந்தில் இதில் ஒன்றுமே இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது, எதிரே வாருங் என்கிற சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஓர் அம்மா வாழையிலையில் சோறு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். போனில் மொழிபெயர்த்துக் காட்டிக் கேட்டேன். இங்கே யாருக்கும் சாவு இல்லையே என்றார். அந்த வீடு பல வருடக் குத்தகைக்கு எடுத்த ஒரு வெளிநாட்டுக் குடும்பம் குடியிருக்கிற வீடு, வாடகைக்கு விடுவதே இல்லை. பழைய படங்களை யாரோ எடுத்துப் போட்டு வியாபாரம் செய்திருக்கிறார்கள். இப்படித் தேடி வந்து கேட்கிற முதல் ஆள் நான் இல்லை என்று அந்தக் கடைக்கார அம்மாவே வருத்தத்தோடு சொன்னார். காசு வாங்காமல் காபி கொடுத்தார்.

இதனால்தான் பாலியின் வழக்கங்களைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன். பண்டிகை, சடங்கு என்று யாராவது காரணம் சொன்னால் சரிபார்க்க வழி இருக்கிறது. கலுங்கன் பண்டிகை 210 நாளுக்கு ஒரு முறை வரும், அதற்குப் பத்தாம் நாள் குனிங்கன் பண்டிகை. தெருவெங்கும் வளைந்த மூங்கில் கம்பங்களில் தோரணம் நிற்கும். நியேபி என்கிற மௌன நாள் பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும், விடுதி வாசலைத் தாண்டி யாரும் போக முடியாது. தேதி எல்லாம் முன்கூட்டியே வெளியாகிவிடுகிறது.

கோயிலிலும் இதே கதைதான். ஆகுங் மலைச் சரிவில் இருக்கும் பெசாகி, பாலியின் தாய்க் கோயில். 1963-ல் ஆகுங் வெடித்தபோது எரிமலைக் குழம்பு பக்கத்திலேயே ஓடியும் கோயில் தப்பியது என்பதை அவர்கள் இன்றும் தெய்வச் செயலாகச் சொல்கிறார்கள். அங்கே வண்டி நிறுத்துமிடத்திலேயே ஒருவர் வந்து, இன்றைக்குப் பூஜை, வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், நீங்களும் இந்துக்கள்தானே, நான் உள்ளே கூட்டிப்போய்க் கும்பிட வைக்கிறேன் என்றார். காணிக்கை நோட்டுப் புத்தகம் ஒன்றை நீட்டினார். முன்னால் வந்தவர்கள் எழுதியதாக 5 லட்சம், 10 லட்சம். உற்றுப் பார்த்தால் கடைசிப் பூஜ்யங்கள் வேறு பேனா மை. டிக்கெட் கவுன்ட்டரில் அச்சடித்த சீட்டு வாங்குங்கள், சரோங் கட்டி இடுப்பில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், வழிபாடு நடக்கிற உட்பிராகாரத்துக்குள் போகாதீர்கள். மரியாதைக்கு அவ்வளவு போதும். காணிக்கை போட வேண்டும் என்றால் உண்டியலில் போடலாம்.

மரநாய் தின்று கழித்த காபிக் கொட்டையில் செய்கிற லுவாக் காபி, அதன் தோட்டம் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. இலவசமாக ருசி பாருங்கள் என்று டிரைவர் கூட்டிப்போவார், விற்பனையில் அவருக்குப் பங்கு. மரநாய்களைக் கூண்டில் அடைத்து வைத்திருப்பதைப் பார்த்து என் மகன் அழுதுவிட்டான். போகாதீர்கள். ஜிம்பரான் கடற்கரையில் மீன் சாப்பிடுகிறவர்கள், எடை போடும்போது தராசு அருகிலேயே நின்று, கிலோ விலையையும் சமையல் செலவையும் முன்னாடியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத வரியும் அதற்கு மேல் சேவைக் கட்டணமும் சேரும். அது ஏமாற்று இல்லை, ஆனால் பில் வரும்போது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் நாங்கள் தங்கியது உபுதில் ஒரு குடும்பம் நடத்துகிற ஹோம்ஸ்டேயில், அந்த வில்லாவின் பாதி விலைக்கு. கல் வாசல், உள்ளே நுழைந்ததும் கெட்ட சக்தியைத் தடுக்க ஒரு குட்டைச் சுவர், முற்றம், வீட்டுக்கோயில் மூலையில் தனியாக. வீட்டம்மா விடிந்ததும் தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்து, வாசல், அடுப்பு, மோட்டார் பைக் என்று ஒவ்வொன்றின் முன்னும் வைத்துவிட்டுப் போவார். அம்மா இரண்டாம் நாளே அவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டு பின்ன ஆரம்பித்துவிட்டார்.

சைவக்காரர்களுக்கு அந்த வீட்டம்மா சொன்னதைச் சொல்கிறேன். பாலியில் காய்கறி உணவிலும் தெராசி என்கிற இறால் விழுது போட்டுவிடுவார்கள், முக்கியமாகச் சம்பல் என்கிற மிளகாய்த் துவையலில். 'தன்பா தெராசி' என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். லவார் என்கிற காய்கறிக் கலவையில் பெரும்பாலும் இறைச்சியும் ரத்தமும் சேரும். புளிக்கவைத்த சோயாவில் செய்கிற தெம்பே, டோஃபுவான தாஹு, தேங்காய்த் துருவல் போட்ட உராப் காய்கறி, கறுப்பரிசியில் தேங்காய்ப்பால் விட்ட புபூர் இஞ்ஜின், இதெல்லாம் அம்மா வயிறாரச் சாப்பிட்டார். உள்ளே பனைவெல்லம் வைத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிய கிளெப்போன், நம் பூரணக் கொழுக்கட்டையைப் போலவே வாயில் கரைந்தது.

தங்கும் இடத்தைச் சரிபார்க்க நான் இப்போது எல்லாரிடமும் சொல்வது இதுதான். படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், அதே படம் வேறு பெயரில் வருகிறதா என்று. வாசலில் தொடங்கி அறைவரை நடந்து காட்டும்படி நேரலை வீடியோ அழைப்பு கேளுங்கள். உண்மையான இடம் என்றால் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். சின்ன ஹோம்ஸ்டே என்றால் 'பொண்டோக் விசாத்தா' அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பணத்தைப் புக்கிங் தளத்துக்குள்ளேயே, கார்டில் கட்டுங்கள். விசாவுக்கும் இதே எச்சரிக்கை: வந்திறங்கியதும் வாங்குகிற விசா 5 லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரி முதல் வசூலிக்கிற சுற்றுலா வரி 1,50,000 ரூபியா. அதைவிட மிக அதிகமாகக் கேட்கிற இணையதளம் பெரும்பாலும் இடைத்தரகு அல்லது போலி.

எங்கள் பணம் திரும்பவில்லை. தனிநபர் கணக்குக்கு நாமே அனுப்பிய தொகையை, அந்தப் பக்கம் சம்மதம் இல்லாமல் திரும்பப் பெற முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். உபுதில் போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இங்கே சைபர் குற்றப் பிரிவிலும் பதிந்திருக்கிறோம். அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் பெயர் மாறி மறுபடி வந்திருக்கிறது, அதே படங்களோடு. குளத்தின் ஓரம் கல்லில் செதுக்கிய இரண்டு வாத்து, பின்னால் ஈழத்தலரி மரம், சிவப்புக் குடை. அந்தப் படத்தோடு யாராவது உங்களிடம் அட்வான்ஸ் கேட்டால் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் கீழே சொல்லுங்கள், புகாரை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கலாம்.