மெஷின் ஜீரோ காட்டினால் நம்பிவிடாதீர்கள்: லாரி வீல் பேலன்ஸிங்கில் நான் ஏமாந்த கதை

லாரி, பஸ் வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். இரண்டு மாதம் நான் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது.

முன்பக்கம் இரண்டு டயரும் புதிதாகப் போட்டு, பேலன்ஸிங்கும் (வீலை மெஷினில் சுழற்றி, எடை சமமில்லாத இடத்துக்கு ரிம்மில் சின்ன வெயிட் அடித்துச் சரிசெய்வது) செய்து வண்டியை எடுத்தேன். 60 வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. 70 தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறியது. திரும்பப் போனேன். இடது வீலை மறுபடி மெஷினில் ஏற்றி, இன்னும் இரண்டு வெயிட் அடித்தார்கள். "அண்ணே, ஜீரோ காட்டுது பாருங்க. வீல்ல குறையே இல்ல, கிங்பின்னைப் பாருங்க" என்றார் கடைக்காரர். கிங்பின் (முன்வீல் திரும்புவதற்கான அச்சு ஆணி) மாற்றினேன். உதறல் போகவில்லை. அடுத்து டிஸ்க் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) கோணல் என்றார். டிஸ்க்கும் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் பேலன்ஸிங் கூலி தனி. அதற்குள் புது டயரின் ஓரம் திட்டுத் திட்டாகத் தேய ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் வேறொரு இடத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் எடுத்ததும் மெஷினில் ஏற்றிவிடவில்லை. முதலில் டிஸ்க்கின் நடு ஓட்டையைக் கம்பி பிரஷ்ஷால் சுற்றித் தேய்த்தார். உள்விளிம்பில் பெயின்ட் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. வண்டியின் ஹப்பில் (வீலை மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகத்தையும் துடைத்தார். பிறகு லிஃப்டில் வீலைத் தூக்கி மெஷினின் ஷாஃப்டில் நுழைத்து, கோனை (நடு ஓட்டைக்குள் போய் வீலை மையத்தில் நிறுத்தும் கூம்பு) தள்ளிவிட்டு, லிஃப்டை இறக்காமலேயே நட்டைப் பாதி இறுக்கினார். வீலைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே மீதியை இறுக்கி, அதற்குப் பிறகுதான் லிஃப்டை இறக்கினார். பழைய வெயிட்டுகளைக் கழற்றாமல் ஒரு சுற்று விட்டார். முந்தின கடையில் ஜீரோ காட்டிய அதே வீல், இங்கே உள்ளும் வெளியுமாகச் சேர்த்து 180 கிராம் காட்டியது.

எனக்கு வயிறு எரிந்தது. அவர் கணக்கை விளக்கினார். 22.5 இஞ்ச் வீல் டயரும் டிஸ்க்குமாக ஏறக்குறைய 100 கிலோ. அது ஷாஃப்டின் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தாலே, ரிம் விளிம்பில் சுமார் 175 கிராம் வித்தியாசம் காட்டும். மெஷினுக்கு அது வீலின் குறையா, மாட்டியதில் வந்த குறையா என்று தெரியாது. காட்டிய இடத்தில் வெயிட் அடித்தால் மெஷினில் ஜீரோ வரும். வண்டியில் ஹப் மையத்தில் சரியாக உட்கார்ந்ததும் அந்த வெயிட்டே வீலை ஆட்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வீல் நொடிக்கு ஏழு தடவை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்பது கிலோ அளவுக்கு இழுப்பு.

வெயிட்டை எல்லாம் கழற்றிப் புதிதாகப் பார்த்ததில் 80 கிராம்தான் தேவைப்பட்டது. அடித்து ஜீரோ வந்ததும் நட்டைத் தளர்த்தி, வீலை மட்டும் ஷாஃப்டில் அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கி ஓடவிட்டார். அப்போதும் ஜீரோ. இந்தச் சோதனையை எங்கே போனாலும் கேளுங்கள். பத்து, இருபது கிராம் முன்பின் வந்தால் பரவாயில்லை. நூறைத் தாண்டினால் வீல் மையத்தில் உட்காரவில்லை, அந்தப் பேலன்ஸிங் செல்லாது.

மறுநாள் முதல் கடைக்குப் போய் அடுத்த வண்டிக்கு அவர்கள் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். துடைக்கவே இல்லை. லிஃப்டை முதலில் இறக்கிவிட்டு, வீல் ஷாஃப்டில் தொங்கும்போதே நட்டை ஒரே இழுப்பில் இறுக்கினார்கள். ஓட்டையின் மேல்விளிம்பு கோனில் உட்கார்ந்திருக்க, கீழே நகம் நுழையும் இடைவெளி. அரைச் சுற்றுத் திருப்பிக் காட்டச் சொன்னேன். "அதெல்லாம் தேவையில்லை, மெஷின் பொய் சொல்லாது" என்று அனுப்பிவிட்டார்கள். தெரியாமல் செய்தார்கள் என்று இனி நான் நினைக்க மாட்டேன்.

நடு ஓட்டையில் உட்காராமல் போல்ட்டில் மையம் பிடிக்கும் பழைய வகை டிஸ்க்குக்குக் கோன் மட்டும் போதாது, போல்ட் ஓட்டைகளில் பிடிக்கும் அடாப்டர் வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கோணல் என்று கழற்றிப் போட்ட பழைய டிஸ்க்கையும் அந்த மெக்கானிக்கிடம் ஏற்றிப் பார்த்தேன். ஒரு கோணலும் இல்லை. இப்போது அதுதான் என் ஸ்டெப்னியில் இருக்கிறது.