டெலிப்ராம்ப்டரும் தமிழ் வினைமுற்றும்: குமரி மாவட்டத்தில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

பேச வேண்டிய எழுத்தை லென்ஸுக்கு முன்னால் கண்ணாடியில் ஓடவிடும் டெலிப்ராம்ப்டரை வாங்கிவிட்டால் கேமரா முன்னால் சரளமாகப் பேசிவிடலாம் என்பது பாதிதான் உண்மை. கண் லென்ஸை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவோடு அதன் வேலை முடிந்தது. பேச்சு வகுப்பறைப் பேச்சு போல இருக்குமா, செய்தி வாசிப்பது போல ஆகிவிடுமா என்பதைத் தீர்மானிப்பது ஓடுகிற எழுத்து. அதை எப்படி எழுதினோம், எங்கே வரி உடைத்தோம், யார் வேகத்தில் ஓடவிட்டோம் என்பதுதான் விஷயம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் டிஎன்பிஎஸ்சி வகுப்பு எடுப்பவர்கள், வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவர்கள், அடிமுறை என்ற தற்காப்புக் கலையின் ஆசான்கள் என்று பலரும் இப்போது வீடியோ போடுகிறார்கள். அவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி, நெடுநாள் பயன்பாட்டில் நிலைத்தவற்றையும் நிலைக்காதவற்றையும் இங்கே சொல்கிறோம்.

முதலில் கருவி. லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே படுத்த நிலையில் ஒரு டேப்லெட் அல்லது போன், பின்னால் லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி. பரவலாகக் கிடைக்கும் கண்ணாடி 70/30 வகை. 70 சதவீத வெளிச்சத்தை லென்ஸுக்குள் விடும், 30 சதவீதத்தைப் பிரதிபலிக்கும். அதனால் கேமராவுக்கு அரை ஸ்டாப் (கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் குறையும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 400-இல் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் 560 பக்கம் போக வேண்டிவரும். இருக்கிற விளக்கை ஓர் அடி முன்னால் நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். லென்ஸில் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது இன்னும் வெளிச்சத்தைத் தின்னும்.

கறுப்புத் துணியைச் சிலர் அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிப்போடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து படம் வெளிறிப்போகும். முகத்தில் கறுப்பு கறுப்பாகவே இருக்காது. காரணம் தெரியாமல் எடிட்டிங்கில் கான்ட்ராஸ்டை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

காசை மிச்சம் பிடிக்க, கண்ணாடிக் கடையில் 3 மி.மீ சாதாக் கண்ணாடி வெட்டி வாங்கிச் செய்வதும் நடக்கிறது. எழுத்து தெரியும், ஆனால் இரட்டையாகத் தெரியும். முன்பக்கம் ஒரு பிம்பம், பின்பக்கம் ஒரு பிம்பம். ஆங்கில எழுத்தில் இதைச் சமாளித்துவிடலாம். தமிழில் புள்ளி போன இடம் தெரியாமல் ‘க்’கும் ‘க’வும் ஒன்றாகிவிடும். ஜன்னலுக்கு ஒட்டும் மிரர் ஃபிலிம் இன்னும் மோசம், வெளிச்சத்தையும் குடித்து நிறத்தையும் மாற்றும். பூச்சுப் போட்ட 70/30 கண்ணாடியிலும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் பேசுபவரையும் டேப்லெட்டையும் பார்க்க வேண்டும். ஒரு காகித நுனியைக் கண்ணாடியில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுனியும் பிம்பமும் ஒட்டி நின்றால் அது பூச்சுப் பக்கம். நடுவில் இடைவெளி தெரிந்தால் திருப்பி மாட்டுங்கள்.

போனிலேயே எழுத்து ஓடுகிற ஆப்பை வைத்து செல்ஃபி கேமராவில் பேசுவது எல்லோரும் தொடங்குகிற இடம். கூடாது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அரை மீட்டர் தூரத்தில் எழுத்து லென்ஸிலிருந்து 3 செ.மீ தள்ளியிருந்தால் கண் ஏறக்குறைய மூன்றரை டிகிரி விலகும், பார்ப்பவருக்கு அது தெரியும். அதே 3 செ.மீ, 2 மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரிகூட இல்லை. ஆனால் அந்தத் தூரத்தில் போன் எழுத்து படிக்க முடியாது. இந்த இழுபறிக்காகத்தான் கண்ணாடியே தேவைப்படுகிறது. போன் வைக்கும் சின்ன ப்ராம்ப்டர் ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர் வரைக்கும் சரி. வெள்ளைப் பலகை முன்னால் நின்று பாடம் எடுப்பவருக்கு 10 அங்குல டேப்லெட் வைக்கும் வகைதான் சரிப்படும், இரண்டரை மீட்டர் வரை கண் சிரமப்படாது. டேப்லெட் புதிதாக வாங்க வேண்டியதில்லை. வீட்டில் மூலையில் கிடக்கும் பழையது போதும், திரை நல்ல வெளிச்சமாக இருந்தால் சரி.

இனி, தமிழ் என்பதால் மட்டும் வரும் சிக்கல்கள். பிறமொழி வீடியோக்களில் இவற்றை யாரும் சொல்வதில்லை.

டிடிபி கடையில் அடித்து வாங்கிய ஸ்கிரிப்ட் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதை ஆப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கலாக வரும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்ப்பது அவசியம், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிற சொல் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். எழுத்துரு தடித்ததாக இருக்கட்டும், நோட்டோ சான்ஸ் தமிழ் போல்டு நன்றாக எடுபடும். மெல்லிய கோடுள்ள அச்செழுத்து அழகாக இருக்கும், தூரத்தில் புள்ளி காணாமல் போகும். கறுப்புத் தரையில் வெள்ளை எழுத்து. மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு இது இன்னும் முக்கியம், வெள்ளைத் திரை வைத்தால் அது அவர் கண்ணாடியில் சதுரமாகப் பளிச்சென்று தெரியும்.

வரி அகலத்தைக் குறுக்குங்கள். வரிக்கு இரண்டு மூன்று சொல், இரு பக்கமும் தாராளமாக ஓரம். திரை முழுக்க எழுத்து விட்டால் கண்மணி இடமும் வலமும் ஓடுவது வீடியோவில் அப்பட்டமாகத் தெரியும். வாசிக்கிற வரி லென்ஸின் நடு உயரத்தில் இருக்கும்படி டேப்லெட்டை முன்னும் பின்னும் தள்ளிச் சரிசெய்யுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் வினைமுற்று. தமிழ் வாக்கியத்தில் ஆமா இல்லையா, கேள்வியா கட்டளையா என்பதெல்லாம் கடைசிச் சொல்லில்தான் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரோல் ஆகிற எழுத்தில் அந்தக் கடைசிச் சொல் இன்னும் திரைக்கே வந்திருக்காது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

‘தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்கு முன் கல்வித் தகுதி, வயது வரம்பு ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்ளாமல் கட்டணம் செலுத்தக் கூடாது.’

பேசுபவர் ஏதோ நல்ல செய்தி சொல்கிற குரலில் ஆரம்பித்து, ‘செலுத்த’ வரைக்கும் அதே குரலில் வந்து, ‘கூடாது’ என்றதும் தடுமாறி இறங்குவார். அந்தத் தடுமாற்றத்தைத்தான் பார்ப்பவர் ‘படிக்கிறாரு’ என்று கண்டுபிடிக்கிறார். தயக்கம், பயம், பயிற்சிக் குறைவு என்று அதற்கு வேறு பெயர் வைத்துப் பேசுபவரைக் குறைசொல்வதில் பயனில்லை. அதையே இப்படி எழுதுங்கள்:

பணம் கட்டாதீங்க.
அதுக்கு முன்னாடி
ரெண்டு விஷயம் பாக்கணும்.
ஒண்ணு, படிப்பு.
இன்னொண்ணு, வயசு.

ஒவ்வொரு வாக்கியமும் வினையோடு சேர்ந்து ஒரே பார்வைக்குள் அடங்குகிறது. கணக்கு இதுதான்: திரையில் ஐந்தாறு வரி தெரியும் என்றால் ஒரு வாக்கியம் மூன்று வரியைத் தாண்டக் கூடாது, ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ‘என்பதனால்’, ‘ஆகியவற்றை’, ‘மேற்கொள்ளப்படுகிறது’ எல்லாம் கண்ணில் பட்டதுமே வெட்ட வேண்டியவை. வாயில் வராத சொல் ப்ராம்ப்டரில் இருக்கவே கூடாது.

பேச்சுத்தமிழில் எழுதுங்கள் என்றால் பலர் டிவி தமிழில் எழுதுகிறார்கள். வகுப்பில் ‘வாறேன்’, ‘எனக்க’, ‘அதாக்கும்’ என்று பேசுகிறவருக்கு ஸ்கிரிப்டில் ‘வர்றேன்’, ‘என்னோட’ என்று எழுதிக்கொடுத்தால் நாக்கு ஒரு நொடி நின்றுதான் போகும். தமிழ்நாடு முழுக்கப் போகிற வீடியோ என்றால் ‘எனக்க’வைத் தவிர்ப்பதில் நியாயம் உண்டு. ஆனால் ‘ஆக்கும்’ ஒன்றிரண்டு இடத்தில் வந்தால் யாருக்கும் புரியாமல் போகாது, ஆளும் ஆளாகத் தெரிவார். எளிய வழி ஒன்று உண்டு. பாடத்தை முதலில் எதிரே ஒருவரை உட்காரவைத்துச் சொல்லி, போனில் ஆடியோவாகப் பதிந்து, அதைக் கேட்டு அப்படியே எழுத்தாக்கி, பிறகு தேவையில்லாததை வெட்டுங்கள். எழுதிவிட்டுப் பேச்சாக மாற்றுவதைவிட இது வேகமானது.

எண்கள் இன்னொரு கண்ணிவெடி. ‘1956’ என்று இருந்தால் சிலர் பத்தொன்பது ஐம்பத்தாறு என்பார்கள், சிலர் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள், சிலர் நின்றுவிடுவார்கள். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த தேதியைச் சொல்லும் பாடமானால் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தாறு, நவம்பர் ஒண்ணாம் தேதி’ என்று எழுத்தாகவே வைத்து, அதை இரண்டு வரியாக உடைத்துவிடுங்கள். 133 அடி வள்ளுவர் சிலை போன்ற சின்ன எண்ணுக்கு இலக்கமே போதும்.

நேரக் கணக்கில் ஆப்பை நம்ப வேண்டாம். நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்கிற ஆங்கிலக் கணக்கில்தான் அவை பெரும்பாலும் காட்டும். தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே மூன்று நான்கு சேர்ந்திருக்கும், பாடம் நடத்தும் வேகத்தில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் போனாலே அதிகம். ஐந்து நிமிட வீடியோவுக்கு 450 சொல் எழுதினால் சரியாக வரும். ஆப் ‘மூன்றரை நிமிடம்’ என்று காட்டினால் காட்டட்டும்.

ஓட்டம்: தானாக ஓடும் ஸ்க்ரோலை வைத்துக்கொண்டு இயல்பாகப் பேச முடியாது, இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எழுத்து ஓடுகிற வேகத்துக்குப் பேசத் தொடங்கினால் வாக்கியத்தின் வால் முழுங்கப்படும், நிறுத்தம் இருக்காது, மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். குரலைக் கேட்டு நகர்கிற வசதி தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் அடிக்கடி இடம் தவறி நிற்கிறது. உருப்படியான வழி இரண்டு. ஒன்று, பேச்சைக் காதால் கேட்டுக்கொண்டு நகர்த்த ஓர் ஆள். வேகமாக நகர்த்தத் தெரிய வேண்டியதில்லை, பேசுபவர் நின்றால் தானும் நிற்கத் தெரிந்தால் போதும். இரண்டு, தனியாக எடுப்பவருக்கு ப்ளூடூத் கால் பெடல். ஒரு மிதிக்கு ஒரு வாக்கியம் நகர்கிற மாதிரி ஆப்பில் அமைத்துக்கொள்ளலாம். பெடல் ‘டக்’கென்று சத்தம் போடும் வகையானால் அடியில் ஒரு கால்மிதியை மடித்துப் போடுங்கள், காலர் மைக்கில் அந்தச் சத்தம் ஏறும். செருப்போடு மிதித்தால் இரண்டு தடவை அழுந்திப் பக்கம் தாவிவிடும், வெறுங்கால்தான் தோது.

எல்லாவற்றையும் ப்ராம்ப்டரில் ஏற்றுவதும் தவறு. முதல் நாற்பது ஐம்பது நொடி, தேதி, கட்டணம், சட்டப் பிரிவு, கடைசியில் சொல்லும் அறிவிப்பு, இவை வார்த்தைக்கு வார்த்தை இருக்கட்டும். நடுவில் உதாரணம் சொல்லும் இடத்தில் ‘மாத்தூர் தொட்டிப் பாலம் — உயரம் — ஏன் கட்டினாங்க’ என்று குறிப்பு மட்டும் போதும். தெரிந்த விஷயத்தைத் தன் வாயால் சொல்லும்போது கண் தானாகக் கொஞ்சம் மேலே போகும், கை அசையும், அதுதான் வேண்டும். அடிமுறை போன்று உடம்பால் செய்து காட்டும் பாடத்தில் ப்ராம்ப்டர் முழுத் தொல்லை. சுவடு (அடி எடுத்துவைக்கும் முறை) வைத்துக்கொண்டே லென்ஸைப் பார்க்க யாராலும் முடியாது. விளக்கத்தை மட்டும் தனியே எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: லென்ஸையே வெறித்துக்கொண்டிருப்பவர் பயமுறுத்துகிற மாதிரி இருப்பார். ஸ்கிரிப்டிலேயே சில இடங்களில் வெற்று வரி இரண்டு விடுங்கள். எழுத்து இல்லாத இடத்தில் கண் சிமிட்டும், பார்வை விலகித் திரும்பும். ‘சிரிக்கவும்’ என்று எழுதிவைப்பது மட்டும் வேண்டாம், வாய்விட்டு வாசித்துவிடுவார்கள்.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று சில உண்டு. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று கண்ணாடியில் மெல்லிய மங்கலாகப் படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சு கீறிவிடும். முதலில் ஊதுகுழலால் தூசியைத் தட்டி, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, பிறகு காய்ந்த துணி. வேட்டி முனை, சேலைத் தலைப்பு ஆகாது. ஸ்க்ரூக்கள் முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழை வேறு. மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு கண்ணாடியைத் தனியே வையுங்கள், ஈரம் குடித்த பாக்கெட்டை மாற்றவும் மறக்க வேண்டாம். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்ட ஈரத்தில் கண்ணாடியைவிட லென்ஸில்தான் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

வெளிப்புறப் படப்பிடிப்புக்குச் சாதாரண டேப்லெட் ஒத்துவராது, வெயிலில் எழுத்தே தெரியாது. மர நிழலோ திண்ணையோ பார்த்து நில்லுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை பின்னணியில் எடுக்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க: லென்ஸைச் சுற்றிய கறுப்புத் துணிக்கூடு பாய்மரப் பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும். ட்ரைபாட்டின் நடுக்கொக்கியில் மணல் மூட்டை கட்டாமல் கைவிட்டு விலகினால் கேமராவும் சேர்ந்து விழும்.

மூடிய அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு எல்இடி விளக்குப் போட்டால் டேப்லெட் சூடேறித் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். எழுத்து மங்கியதும் கண்ணைச் சுருக்கிப் படிப்பார்கள், முகபாவமே மாறிவிடும். உறையைக் கழற்றி வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடைவெளி விடுங்கள். ஆட்டோ பிரைட்னஸ், திரை தானாக அணைவது, அழைப்பு வருவது மூன்றையும் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும்.

பழைய ப்ராம்ப்டர் விலைக்கு வந்தால் பார்க்க வேண்டியவை: காகித நுனிச் சோதனை, பூச்சில் கீறல், 45 டிகிரியில் கண்ணாடி ஆடாமல் நிற்கிறதா, உங்கள் லென்ஸ் விட்டத்துக்கு அடாப்டர் வளையம் இருக்கிறதா. கேமராவை மாட்டி, வழக்கமாக எடுக்கும் அகலத்தில் ஒரு படம் எடுத்து நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். துணிக்கூட்டின் ஓரம் மூலையில் கறுப்பாக விழுந்தால் லென்ஸைக் கண்ணாடிக்கு இன்னும் ஒட்டித் தள்ளிப் பாருங்கள். அப்படியும் தெரிந்தால் அந்தக் கூடு உங்கள் லென்ஸுக்குச் சின்னது.