நிலாவெளி, புறாத்தீவு, கன்னியா: அட்டன்ல இருந்து வயசானவங்களோட போறவங்களுக்கு

போன ஆகஸ்ட் லீவுல நாங்க 11 பேர் ஒரு வேன் பிடிச்சு திருகோணமலை போயிட்டு வந்தோம். அம்மா, மாமா, அத்தை, அக்கா குடும்பம், அதுல சின்னப் பிள்ளைங்க நாலு பேர். வந்ததுல இருந்து எங்க தேயிலைத் தோட்டத்துல ஆளாளுக்கு எங்க தங்கினீங்க எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றத விட எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். திருகோணமலை நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பொருத்தமான இடம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நம்ம பக்கம் வழக்கமா போற மாதிரி ராத்திரி கிளம்பி விடிய இறங்கி, ஒரே பகல்ல கோயில், சுடுதண்ணிக் கிணறு, பீச் எல்லாம் ஓடி ஓடிப் பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரியே திரும்புற ட்ரிப்பா மட்டும் போகாதீங்க. நான் முன்னாடி ரெண்டு தடவை அப்படிப் போயிருக்கேன், வேன்ல தூங்கினது தவிர ஒண்ணும் மனசுல நிக்கல. இந்தத் தடவை ரெண்டு ராத்திரி தங்கினோம், அதுலதான் எல்லா வித்தியாசமும்.

எந்த மாசம் போறதுங்கிறத முதல்ல பாருங்க. நம்மகிட்ட தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வர்றப்பதான் ட்ரிப் பேச்சே ஆரம்பிக்கும், இல்லன்னா டிசம்பர் லீவு. அந்த ரெண்டு நேரமும் கிழக்குப் பக்கம் வடகீழ் பருவமழை, கடல் கொந்தளிப்பா இருக்கும், புறாத்தீவுக்கு போட் போறது சிரமம். அங்க கடல் அமைதியா இருக்கிறது ஏப்ரல் கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும்தான். நம்ம ஊர்ல தென்மேல் மழை பிடிச்சு லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டு) கூரை ஒழுகிட்டு இருக்கிற ஜூன், ஜூலைல அங்க வெயில் மண்டையப் பிளக்கும், அப்படியே தலைகீழ். அதனால சித்திரை வருசப் பிறப்பு முடிஞ்ச கையோட வர்ற நாளோ ஆகஸ்டோதான் சரி. முடிஞ்சா லோங் வீக்கென்ட் பார்த்து போகாதீங்க, கொழும்பு ஆளுங்க மொத்தமா வந்து இறங்குறாங்க.

நாங்க தங்கினது நிலாவெளில, டவுன்ல இருந்து வடக்க 15 கிலோமீட்டர் போல. டவுனுக்குக் கிட்டயே வேணும்னா உப்புவெளி இருக்கு, அங்க கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் நடந்து போற தூரத்துல. நிலாவெளி கொஞ்சம் அடங்கின இடம், மணல் நீளத்துக்கும் வெள்ளையா போகுது. நாங்க போன ரெண்டு நாளும் அலைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல, பிள்ளைங்க இடுப்பளவு தண்ணில நின்னு மணிக்கணக்கா விளையாடுச்சுங்க. ஆனாலும் பெரியவங்க ஒருத்தர் கூடவே தண்ணிக்குள்ள நிக்கணும், கடல் நம்ம ஆறு மாதிரி இல்ல, கால் வைக்கிற இடத்துல திடீர்னு இறங்கும்.

அம்மாவுக்கு 61 வயசு, 38 வருசம் கொழுந்து பறிச்சவங்க, கடல டிவில பார்த்ததோட சரி. முதல் நாள் காலைல சேலைய தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கணுக்கால் வரைக்கும் இறங்கினாங்க, உடனே ஸ்ஸ்னு காலத் தூக்கிட்டாங்க. குதிகால் வெடிப்புல உப்புத்தண்ணி பட்டு எரிஞ்சிருக்கு. விரல் இடுக்குல எல்லாம் கொழுந்துக் கறையோட வெட்டு வெட்டா கோடு இருக்கும்ல, அதுலயும் எரியுதுன்னாங்க. போதும் வாங்கம்மான்னேன், கேக்கல, எரியட்டும்டான்னு அப்படியே நின்னாங்க. அவங்க பாட்டி தனுஷ்கோடில கப்பல் ஏறி தலைமன்னார்ல இறங்கினவங்க. "இதுலதானாடா கெழவி வந்துச்சு"ன்னு கேட்டாங்க, அது அந்தப் பக்கம்மா, மன்னார் பக்கம்னு சொன்னேன், "எல்லாம் ஒரே தண்ணிதானே"ன்னுட்டு இன்னும் ரெண்டு அடி உள்ள போனாங்க. ஒருநாள் ட்ரிப்பா இருந்தா அந்த நேரத்துக்கு டிரைவர் ஹோர்ன் அடிச்சுட்டு இருந்திருப்பாரு.

காலைல ஆறு மணிக்கே கரைக்கு வாங்க, கரைவலை இழுக்கிறதப் பார்க்கலாம். ரெண்டு பக்கமும் கயிறு பிடிச்சு ஒரே தாளத்துல குரல் குடுத்துக்கிட்டு பின்னால பின்னால நடந்து இழுப்பாங்க. மாமா போய் ஒரு கை குடுத்தாரு, யாரும் வேணாங்கல. வலை கரைக்கு வந்ததும் உள்ள சூடை மீன் வெள்ளிக்காசு கொட்டின மாதிரி துடிக்குது, பிள்ளைங்க வாயத் தொறந்தபடி நிக்குதுங்க. மாமாவுக்கு ஒரு பை நிறைய மீன் குடுத்து விட்டாங்க, தங்கின இடத்துல கேட்டு பொரிச்சுத் தந்தாங்க. நம்மளுக்கு ஐஸ்ல கிடந்து தோட்டத்துக்கு வந்து சேர்ற மீன்தான் மீன்னு பழக்கம், அன்னிக்கு சாப்பிட்டது வேற சாமான்.

புறாத்தீவு கட்டாயம் போங்க. நிலாவெளி கரைல இருந்து ஒரு கிலோமீட்டர் அளவு, போட்ல கொஞ்ச நேரம்தான். 2003ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, அதனால வனஜீவராசிகள் திணைக்களத்து டிக்கட் தனி, போட் காசு தனி. இங்கதான் எங்களுக்கு ஒரு கசப்பு நடந்துச்சு. கரைல பேசின ஒருத்தர் போட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை சொன்னாரு, திரும்பி வந்ததும் நீங்க ரொம்ப நேரம் எடுத்துட்டீங்க, வெயிட்டிங் காசு வேணும்னாரு. அதோட பிள்ளைக்குக் குடுத்த லைஃப் ஜாக்கெட்ல கிளிப் உடைஞ்சிருந்துச்சு, மாத்தித் தராம ஏற மாட்டோம்னு நின்னப்புறம்தான் வேற எடுத்துக் குடுத்தாரு. அதனால ஏறுறதுக்கு முன்னாடியே மொத்தம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், போக வர ரெண்டும் சேர்த்தான்னு வாய்விட்டுக் கேளுங்க, பிள்ளைங்க ஜாக்கெட்ட நீங்களே இழுத்துப் பாருங்க.

தீவுல இறங்கினா கரைல மணலோட செத்த பவளத் துண்டுங்க குவிஞ்சு கிடக்கு, வெறுங்காலோட நடந்தா குத்தும், செருப்பு வேணும். மாஸ்க் போட்டு முகத்த தண்ணிக்குள்ள விட்டதும் மஞ்சளும் நீலமுமா மீனுங்க கைக்கு எட்டுற தூரத்துல போகுது. துடுப்பு நுனி கறுப்பா இருக்கிற சின்னச் சுறாங்க கூட வந்துச்சு, சீண்டாம இருந்தா அது பெரும்பாலும் மனுசங்கள ஒண்ணும் பண்றதில்ல, தள்ளி நின்னு பார்த்தா போதும். எனக்கு மனசு வலிச்சது என்னன்னா, அத்தனை பேர் அந்தப் பவளத்து மேல ஏறி நின்னு செல்ஃபி எடுக்குறாங்க. அது கல்லு இல்லங்க, உயிரு. நிறைய வகைப் பவளம் வருசத்துக்கு நகம் அளவு வளர்றதே பெரிசு, ஒரு மிதில உடைஞ்சா நம்ம பிள்ளைங்க வளர்ந்து வர்ற காலத்துக்கும் அந்த இடம் மொட்டையாத்தான் இருக்கும். நீந்தத் தெரியலன்னா ஜாக்கெட்டோட மிதந்து பாருங்க, காலை மட்டும் கீழ ஊனாதீங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போறது நல்லது, ஒன்பது மணிக்கு மேல ஆள் கூடிடும்.

கன்னியாவுல ஏழு சுடுதண்ணிக் கிணறு, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு சூடு. ராவணன் தாய்க்குக் கருமம் செய்ய வாளால ஊன்றி உண்டாக்கினதுன்னு கதை, செத்தவங்களுக்குச் செய்ற அந்தியேட்டிக் கிரியைக்கு ஆளுங்க வர்றது வழக்கம். இறங்கிக் குளிக்கிற மாதிரி பெரிசு இல்ல, சின்ன சதுரக் கிணறு, வாளில மொண்டு ஊத்திக்கணும். கூட்டமா இருந்தா பத்து நிமிசத்துல வெளிய வந்துடுவீங்க. அத்தைக்கு மூட்டு வலி, அவங்களுக்கு மட்டும் நல்லா இருந்துச்சாம்.

கோணேசர் கோயிலுக்கு சாயங்காலம் போங்க, பகல்ல அந்தத் தரை காலைச் சுட்டுடும். கோயிலுக்குப் போற வழியே பிரட்ரிக் கோட்டைக்குள்ளதான், அந்த வாசலுக்குள்ள நுழைஞ்சா வழி நெடுக புள்ளிமான்கள் நிக்கும், பிள்ளைங்க அங்கயே நின்னுடும். பழைய கோயில போர்த்துக்கேயர் 1622ல இடிச்சு அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினாங்க. 1956ல அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் கடலுக்கு அடியில இறங்கி கோயில் இடிபாட்டப் பார்த்தது இந்தப் பாறைக்குக் கீழதான். ராவணன் வெட்டுன்னு சொல்ற பாறைப் பிளவுப் பக்கம் எட்டிப் பார்த்தா நேரா கீழ கடல், அங்க மரத்துல பிள்ளை வரம் கேட்டுக் கட்டின சின்னச் சின்னத் தொட்டில்கள் காத்துல ஆடுது. அக்கா கொஞ்ச நேரம் அத தொடாம பார்த்துக்கிட்டே நின்னா. வயசானவங்களுக்கு ஏத்தம் கொஞ்சம் மூச்சு வாங்கும், நம்ம மலை ஏறிப் பழகினவங்களுக்கு அது ஒண்ணுமே இல்ல.

மார்பிள் பீச் சீனக்குடா பக்கம், விமானப்படை நடத்துறது, டிக்கட் எடுக்கணும். ரெண்டு பக்கமும் மேடு அணைச்ச மாதிரி குடாக்குள்ள இருக்கு, தண்ணி கண்ணாடி மாதிரி. சின்னப் பிள்ளைங்க மட்டும்தான்னா நேரா இங்கயே போயிடலாம், துப்புரவாவும் இருக்கு.

கடைசியா டிரைவர் விசயம். ஹபரணைல இருந்து கந்தளாய் வரைக்கும் ராத்திரில ரோட்டுல யானை நிக்கும், எங்க வேன் முன்னாடியே ஒண்ணு குறுக்க வந்து லைட்ட டிம் பண்ணிட்டு காத்திருந்தோம். போறப்ப ராத்திரி முழுக்க ஓட்டின மனுசனுக்கு தனி ரூமும் தூக்கமும் குடுங்க, வேன்லயே படுக்கச் சொல்லாதீங்க. திரும்புறப்ப நாங்க காலை எட்டு மணிக்கே கிளம்பி, கந்தளாய்ல சட்டித் தயிர் வாங்கி, மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்ல இறங்கிக் கும்பிட்டு, கினிகத்தேனை தாண்டி மேல ஏறுறப்போ இன்னும் வெளிச்சம் இருந்துச்சு. பனி அப்பதான் இறங்க ஆரம்பிச்சுது, அம்மா ஸ்வெட்டர எடுத்துப் போட்டுக்கிட்டாங்க.