சேர்ந்து அறிவிப்பதா, தனித்து அறிவிப்பதா: 1823-இல் அமெரிக்க அதிபர் மன்றோ முன் இருந்த இரு வழிகள்

1823 ஆகஸ்டில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங், லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதர் ரிச்சர்ட் ரஷ்ஷிடம் ஒரு யோசனையை முன்வைத்தார். லத்தீன் அமெரிக்காவில் ஸ்பெயினை உதறிவிட்டு எழுந்த புதிய குடியரசுகள் மீது வேறு ஐரோப்பிய வல்லரசுகள் கைவைக்கக் கூடாது என இரு நாடுகளும் கூட்டாக அறிவிக்கலாம். அந்த நிலங்களில் எதையும் தாங்களும் எடுத்துக்கொள்வதில்லை என உறுதி தரலாம் என்றார்.

முன்னாள் அதிபர்கள் ஜெஃபர்சனும் மேடிசனும் ஏற்கச் சொன்னார்கள். கியூபா மீது தனக்கிருந்த ஆசையை ஒளிக்காமல் எழுதிய ஜெஃபர்சனே, பிரிட்டனின் நட்புக்காக அதை விட்டுக்கொடுக்கலாம் என்றார். அட்லாண்டிக்கை ஆண்டது பிரிட்டிஷ் கடற்படை என்பதால் அதில் நியாயம் இருந்தது.

வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மறுத்தார். பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பின்னால் சிறு தோணியாகப் போவதைவிட, நம் கொள்கையை நாமே சொல்வது கௌரவம் என அமைச்சரவையில் வாதிட்டார். புதிய குடியரசுகளை அமெரிக்கா 1822-லேயே அங்கீகரிக்கத் தொடங்கியிருந்தது. கேனிங்கோ அதற்கு நாள் கடத்தினார். வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் 51-ஆம் அட்சரேகை வரை உரிமை கோரிய ரஷ்யாவுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிற்காலத்தில் கியூபாவோ டெக்சாஸோ தங்களோடு சேர விரும்பினால் தடையாக எந்த வாக்குறுதியும் இருக்கக் கூடாது என்று ஆடம்ஸ் கருதினார். டிசம்பர் 2 அன்று காங்கிரசுக்கு மன்றோ அனுப்பிய செய்தியில் ஆடம்ஸின் வழியே வென்றது.

பாதுகாப்பு என்று பார்த்தால் இரு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்தக் குடியரசுகள் மீது படை அனுப்பும் எண்ணம் பிரான்சுக்கு இல்லை என்ற உறுதியைப் பிரெஞ்சுத் தூதர் பொலிஞ்ஞாக்கிடமிருந்து கேனிங் அக்டோபரிலேயே பெற்றுவிட்டார். அமெரிக்கா தன் விருப்பப்படி செயல்படும் சுதந்திரம் என்று பார்த்தால் ஆடம்ஸின் வழியே மேல்.

ஆனால் யாருடைய பெயரில் இத்தனையும் நடந்ததோ அந்தக் குடியரசுகளின் பக்கம் நின்று பார்த்தால், கேனிங்கின் வரைவே மேல் என்பேன். அந்த நிலங்களைத் தாங்களும் எடுப்பதில்லை என்று வாஷிங்டனின் கையையும் கட்டிய வரி அதில்தான் இருந்தது. மன்றோவின் செய்தி ஐரோப்பாவை மட்டுமே தடுத்தது. 1824-இல் கொலம்பியா கூட்டணி கேட்டபோது ஆடம்ஸ் பிடிகொடுக்கவில்லை. 1845-இல் டெக்சாஸ் இணைக்கப்பட்டது. 1848-க்குள் மெக்சிகோவின் நிலத்தில் பாதி போய்விட்டது.